601 வேண்டாம், 600 வையுங்கள்

கேள்வி: சீனாவில் சூஜோ நகரில் இன்ஜினியராக இருக்கிறேன். வந்து எட்டு மாதம் ஆகிறது. கூட வேலை பார்ப்பவர் அடுத்த மாதம் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார். மே மாதமே பதிவு செய்துவிட்டார்களாம், அப்புறம் எதற்கு இப்போது கல்யாணம்? சிவப்பு உறையில் எவ்வளவு வைப்பது? மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் பணம் கொடுத்தார்கள் என்று கேட்டதிலிருந்து மனதுக்கு ஒரு மாதிரி இருக்கிறது. அதைப் பற்றி அவரிடம் பேசலாமா?
- மதுரை வாசகர்

பதில்: தம்பி, சந்தோஷமாகப் போய் வாருங்கள். வந்து எட்டே மாதமான ஒருவரைக் கூப்பிடுகிறார் என்றால் உங்களை வேண்டியவராக நினைக்கிறார்.

அங்கே சட்டப்படி கல்யாணம் என்பது பதிவு அலுவலகத்தில் வாங்கும் சிவப்புச் சிறு புத்தகம்தான். மே 20 அன்று அங்கே கூட்டம் அலைமோதும். 520 என்பதைச் சீனத்தில் சொன்னால் ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்பது போலக் கேட்கும். ஆனாலும் சொந்தபந்தம் கூடி விருந்து சாப்பிட்டால்தான் பெற்றவர்களுக்கு அது கல்யாணம். நடுவில் சில மாதம் இடைவெளி விழுவது சகஜம்.

சரி, உறைக்கு வருவோம். மதுரைக்காரருக்கு இது புதிதே அல்ல, இது மொய்தான். மண்டப வாசலில் சிவப்புத் துணி விரித்த மேசை இருக்கும். உறவுக்காரர் ஒருவர் எண்ணுவார், இன்னொருவர் நோட்டில் எழுதுவார். நாளை உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அந்த நோட்டைப் பார்த்துத்தான் திருப்பிச் செய்வார்கள்.

நான்ஜிங்கில் நான் போன முதல் கல்யாணத்தில் நம் வழக்கப்படி 601 யுவான் வைத்தேன். பணத்தை எண்ணிய அம்மா அந்த ஒரு யுவான் தாளைத் தனியே எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து என்னிடமே நீட்டினார். கூடவே ஒரு பிடி மிட்டாய். நோட்டில் 600 என்று எழுதினார். நமக்கு அந்த ஒரு ரூபாய் உறவு தொடரட்டும் என்பதற்காக. அவர்களுக்கோ நல்லது ஜோடியாகத்தான் வர வேண்டும், ஒற்றைப்படைத் தொகை துக்க வீட்டுக்கு. அன்று அந்த அம்மா ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அந்தப் பெருந்தன்மையை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

நான்கு என்ற ஒலி சாவை நினைவுபடுத்துவதால் 400 வேண்டாம். 250 என்றால் அவர்கள் பேச்சில் முட்டாள் என்று அர்த்தம். 600, 800, 1000 எல்லாம் நல்ல தொகைகள். உங்களைப் போலவே பழகும் இன்னொரு சக ஊழியரிடம் கேட்டு அதே அளவு வையுங்கள். மற்றவர்களைவிட அதிகம் வைத்தால் திருப்பிச் செய்யும் சுமை கல்யாணத்துக்குக் கூப்பிட்டவருக்குத்தான். புதுத் தாளாக வைத்து, உறையின் பின்னால் பெயரை எழுதுங்கள். வர முடியாதவர்கள் வீசாட் என்ற செல்போன் செயலியில் அனுப்புவார்கள். நேரில் போகிறவர் உறையைக் கையில் கொடுப்பதுதான் அழகு.

நீங்கள் கேட்ட அந்தப் பணத்துக்கு ‘ட்சாய்லி’ என்று பெயர். நம் ஊரில் பரிசம் போடுவதும் மாப்பிள்ளை வீட்டார் கொடுத்ததுதானே? வரதட்சணைக்குப் பழகிப்போய் நமக்கு அது மறந்துவிட்டது. பல குடும்பங்களில் பெண்ணைப் பெற்றவர்கள் அந்தப் பணத்தைத் தம்பதிக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் ஜியாங்ஷி போன்ற மாகாணங்களில் தொகை ஏறி ஏறி, மகன் கல்யாணத்துக்காகக் கடனில் மூழ்கும் அப்பாக்களும் உண்டு. முறிந்த கல்யாணங்களில் இதைத் திருப்பித் தரும் வழக்குகளுக்கென்றே உச்ச மக்கள் நீதிமன்றம் வகுத்த விதிகள் 2024 பிப்ரவரி 1 முதல் நடப்பில் உள்ளன. உங்கள் மனம் வருந்துவதில் தப்பே இல்லை. ஆனால் கல்யாண நேரத்தில் அவரிடம் கேட்காதீர்கள். பிறகு ஒருநாள் அவராகச் சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள்.

பத்திரிகையில் 18:08 என்று போட்டிருந்தால் எட்டு அவர்களுக்கு ராசியான எண் என்பதற்காகத்தான், கொஞ்சம் முன்னாலேயே போய்விடுங்கள். முழுக் கறுப்பில் போக வேண்டாம், சிவப்பைப் பெண்ணுக்கு விட்டுவிடுங்கள். வெள்ளை கவுனை மாற்றிச் சிவப்பு உடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் மேசை மேசையாக வருவார்கள். எழுந்து நின்று, பெரியவர்கள் கோப்பையைவிடச் சற்றுத் தாழ்வாக உங்கள் கோப்பையைப் பிடித்து ‘ஷின்ஹுன் குவைலே’ என்று வாழ்த்துங்கள். மது பழக்கமில்லை என்றால் டீயே போதும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கிளம்பும்போது உங்களுக்கென்று வைத்த மிட்டாய்ப் பெட்டியை மேசையிலேயே விட்டுவிடாதீர்கள். அது நம் தாம்பூலப் பை மாதிரி.