மணல் போல ஆகிவிட்ட ப்ரைமர்: தின்னரில் ஊறவைக்கலாமா?

கேள்வி: வேளச்சேரியில் இருக்கிறேன். வார்ஹாமர் 40,000, அதாவது நாமே ஒட்டிப் பெயின்ட் அடித்த சிறிய பொம்மைப் படைகளை மேசையில் மோதவிடும் விளையாட்டு, விளையாட ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. "ஒரிஜினல்தான், பெட்டி மட்டும் இல்லை" என்று சொன்ன ஒருவரிடம் அதில் வரும் ஸ்பேஸ் மரீன் என்ற போர்வீரர் பொம்மைகள் இருபதைப் பாதி விலைக்கு வாங்கினேன். கூடவே ஒரு பழைய கேப்டன் பொம்மை, கையில் எடுத்தால் நல்ல கனம். போன வாரம் மழை விட்ட ஒரு மாலையில் பால்கனியில் வைத்து எல்லாவற்றுக்கும் கறுப்பு ப்ரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) ஸ்ப்ரே அடித்தேன். காய்ந்ததும் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகிவிட்டது. விற்றவரிடம் கேட்டால், "பெயின்ட் கடையில் தின்னர் வாங்கி ஊறவையுங்கள், போய்விடும். இல்லையென்றால் கால் விலைக்கு நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். தின்னர் போடலாமா? இன்னொன்று: இவற்றில் ஐந்துக்குப் பிளாஸ்டிக் சிமென்ட் பிடிக்கவே இல்லை, ஃபெவிக்விக் போட்டுத்தான் ஒட்டினேன். அது ஏன்?

பதில்: தின்னர் வேண்டாம். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் மூடியை இறுக்கி மேலே எங்காவது வைத்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

காரணத்தை நீங்களே பார்த்துவிடலாம். டிவியோ மிக்சியோ வந்த பெட்டிக்குள் தெர்மாகோல் துண்டு கிடக்குமே, அதன் மேல் நான்கு சொட்டுத் தின்னர் விடுங்கள். பள்ளம் விழுந்து, குழைந்து, பசையாகிவிடும். அந்தத் தெர்மாகோலும் உங்கள் மரீன்களும் ஒரே பொருள்தான், பாலிஸ்டைரீன். ஒன்றை உப்ப வைத்திருக்கிறார்கள், மற்றதைக் கெட்டியாக அச்சில் வார்த்திருக்கிறார்கள். கெட்டியாக இருப்பதால் கொஞ்சம் நேரம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். முதலில் மார்பில் உள்ள கழுகுச் சின்னம் மழுங்கும், அப்புறம் ஹெல்மெட்டின் கண், அப்புறம் விரல்கள். ப்ரைமர் போய்விட்டதா என்று நீங்கள் எடுத்துப் பார்க்கும்போது கீழே இருந்த வேலைப்பாடும் போயிருக்கும். நகப்பாலிஷ் அழிக்கும் திரவமும் இதே கதைதான். "அசிட்டோன் இல்லை" என்று அதில் எழுதியிருந்தாலும் வேண்டாம்.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அது உங்கள் கேப்டன். முழு உலோகத்தைத் தின்னரும் ஒன்றும் செய்யாது, அசிட்டோனும் ஒன்றும் செய்யாது. ஆனால் "முழு" என்பதைக் கவனியுங்கள், இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தக் காலத்து உலோக மரீன்களுக்கு உடம்பு மட்டும்தான் உலோகம். முதுகில் மாட்டும் பை பிளாஸ்டிக், காலுக்குக் கீழே உள்ள வட்டத் தட்டு பிளாஸ்டிக், சிலவற்றுக்குக் கையும் துப்பாக்கியும்கூடப் பிளாஸ்டிக். அதனால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் பிளேடு முனையால் லேசாகக் கீறிப் பாருங்கள். வெள்ளியாக மின்னினால் உலோகம். இந்தச் சோதனையை உடம்பில் ஒரு முறை செய்தால் போதாது. பைக்கு ஒன்று, கைக்கு ஒன்று, தட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்யுங்கள். பிளாஸ்டிக் பாகம் எதையாவது கழற்ற முடியவில்லை என்றால், அந்தக் கேப்டனையும் பிளாஸ்டிக் கணக்கில் சேர்த்து, கீழே நான் சொல்லப்போகும் முறைக்கே அனுப்பிவிடுங்கள். எல்லாம் உலோகம்தான் என்று உறுதியான பிறகும், ஃபெவிக்விக் வகைப் பசையால் ஒட்டிய மூட்டுகள் அசிட்டோனில் கழன்றுவிடும். கை தனியாக வந்தால் பதற வேண்டாம், திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். பொம்மை 1990-களின் பிற்பகுதிக்கு முந்தையது என்றால் உலோகத்தில் ஈயம் கலந்திருக்கலாம். அதை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், தொட்டபின் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள், குழந்தைகள் கைக்குக் கொடுக்காதீர்கள். இத்தனையும் சரியாக இருந்தால் மட்டும், ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, அடுப்படியிலிருந்து தள்ளி, அந்த ஒரு பொம்மைக்கு மட்டும் பயன்படுத்தலாம்.

சரி, மரீன்களுக்கு வருவோம். சிமென்ட் பிடிக்காத அந்த ஐந்தை மட்டும் தனியே எடுத்து வையுங்கள், அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இது மீதிப் பதினைந்துக்கு. முதலில் ஒன்றை எடுத்து, காய்ந்த பழைய டூத் பிரஷால் அழுத்தித் தேயுங்கள். சொரசொரப்பு தூள் தூளாக உதிர்ந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அதன் அடியில் மெல்லியதாக ஒட்டியிருக்கும் கறுப்பை விட்டுவிடலாம், எடுக்கவே வேண்டியதில்லை. நிறம் தெரிவது பிரச்சினை இல்லை, விரலுக்குத் தட்டுப்படுவதுதான் பிரச்சினை.

உதிரவில்லை என்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள். மொபைல் ரிப்பேர் செய்பவர்கள் போர்டு துடைக்க வைத்திருப்பது அதைத்தான். ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்கும். மூடி போட்ட கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, பொம்மைகளை ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் டூத் பிரஷால் தேயுங்கள். பாலிஸ்டைரீனுக்கு அதனால் கெடுதல் இல்லை. தீப்பிடிக்கும் பொருள் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

அது கிடைக்காவிட்டால் டெட்டால். காயத்துக்குப் போடும் அதே பழுப்பு டெட்டால்தான். இங்கிலாந்தில் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் பல வருடமாகப் பயன்படுத்துவது. தண்ணீர் கலக்காமல் ஊற்றி ஒரு நாள் ஊறவைக்க வேண்டும். பிறகு கையுறை போட்டுக்கொண்டு, டெட்டாலில் தோய்த்த பிரஷால் தேய்க்க வேண்டும். குழாயடிக்கு மட்டும் உடனே கொண்டுபோகாதீர்கள். கரைந்த பெயின்டும் டெட்டாலும் தண்ணீர் பட்ட மாத்திரத்தில் தார் மாதிரி இறுகிப் பொம்மையெல்லாம் அப்பிக்கொள்ளும். பெயின்ட் முழுவதும் வந்த பிறகு புதிய டெட்டாலில் ஒரு முறை அலசி, பாத்திரம் கழுவும் திரவத்தை நேரடியாகப் பூசித் தேய்த்து, கடைசியாகத்தான் தண்ணீர். வீட்டில் பூனை இருந்தால் அந்தப் பக்கமே விடாதீர்கள், அதன் உடம்புக்கு டெட்டால் விஷம்.

இனி அந்த ஐந்து. உங்கள் கேள்வியில் ஓரமாகச் சொல்லியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. பிளாஸ்டிக் சிமென்ட் உண்மையில் பசை இல்லை. இரண்டு பக்கத்துப் பாலிஸ்டைரீனையும் லேசாகக் கரைத்து ஒன்றோடு ஒன்று சேர்த்துவிடுகிறது. அது பிடிக்கவில்லை என்றால் அங்கே பாலிஸ்டைரீன் இல்லை. அந்த ஐந்தும் பெரும்பாலும் ரெசின், அதாவது திரவமாக அச்சில் ஊற்றி இறுக வைக்கும் பொருள். பிளேடால் ஓர் ஓரத்தைச் சீவிப் பாருங்கள்: பிளாஸ்டிக் என்றால் பென்சில் சீவல் போலச் சுருளும், ரெசின் என்றால் தூளாகவோ சில்லாகவோ உடையும். அக்குளிலும் கால் இடுக்கிலும் குண்டூசித் தலை அளவு காற்றுக் குமிழ்க் குழிகள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வார்ஹாமரைத் தயாரிக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் ரெசினிலும் பொம்மைகள் செய்திருக்கிறது. 2011-ல் ஃபைன்காஸ்ட் என்ற பெயரிலேயே ஒரு வரிசை கொண்டுவந்தார்கள். ஆனால் சாதாரணக் காலாட்படை மரீன்களை இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் உள்ள அவர்கள் தொழிற்சாலையிலிருந்து பாகங்கள் கோத்த பிளாஸ்டிக் சட்டத்தில்தான் அனுப்புகிறார்கள், நாம் வெட்டி எடுத்து ஒட்டுகிறோம். அதே மரீன் ரெசினில் இருந்தால், ஒரிஜினல் ஒன்றை வாங்கிச் சிலிகான் அச்செடுத்து யாரோ ஊற்றிய நகல் அது. ரீகாஸ்ட் என்பார்கள். ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும் என்பதால், நல்லதொன்றின் பக்கத்தில் நிறுத்தினால் ஒரு மயிரிழை குட்டையாகத் தெரியும்.

இந்த வியாபாரம் எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நானும் வாங்கி ஏமாந்திருக்கிறேன். பதினைந்து நல்லதோடு ஐந்து நகலைக் கலப்பதுதான் இவர்கள் வழக்கம். புதிதாக வந்தவர் முதலில் கையில் எடுக்கும் நான்கைந்து நன்றாக ஒட்டிவிட்டால், மீதி ஒட்டாததைத் தன் கைவேலையின் குறை என்று நினைத்துக்கொள்வார். நீங்களும் அப்படித்தானே ஃபெவிக்விக்கை எடுத்தீர்கள்? உங்கள் கையில் குறை இல்லை. அப்புறம் அந்தத் தின்னர் யோசனை. வருடக்கணக்கில் இதை விற்பவருக்குத் தின்னர் பாலிஸ்டைரீனை என்ன செய்யும் என்று தெரியாமலா இருக்கும்? தெரியாமல் சொன்னார் என்றால் அவரிடம் யோசனை கேட்கக் கூடாது. தெரிந்தே சொன்னார் என்றால் எதுவுமே கேட்கக் கூடாது. கால் விலைக்குத் திரும்ப எடுப்பதும் உங்கள் மேல் உள்ள அக்கறையால் இல்லை. ஓர் இரவு ஆல்கஹாலில் போட்டு எடுத்தால் அதே பொம்மைகளை அடுத்தவருக்குத் திரும்பவும் பாதி விலைக்கு விற்கலாம். ஒரே படை மூன்று பேர் கைமாறி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். "நானே பெயின்ட் அடித்துத் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்" என்று அடுத்து ஒரு பேச்சு வரும். கொடுக்காதீர்கள்.

ஐந்துக்கும் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். சீவிய ஓரத்தையும் குமிழ்க் குழிகளையும் படம் எடுத்து அனுப்புங்கள். பேச்சு எல்லாம் எழுத்தில் இருக்கட்டும், தொலைபேசியில் வேண்டாம். பில் இருக்கிறதா? இருந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். இல்லையென்றால் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது, இவர்களின் தைரியமே அதுதான். அவற்றை வைத்துக்கொள்வதாக முடிவு செய்தால், ஆல்கஹாலில் கால் மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள், ரெசின் இளகிவிடும். தேய்ப்பது என்றால் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், என்95 மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகக் கூடாது.

நல்ல சரக்கு நியாய விலைக்குக் கிடைத்தால் யார் இவர்களிடம் போகப்போகிறார்கள்? பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரியை 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-ல் 70 ஆக்கினார்கள். உள்ளூர்ப் பொம்மைத் தொழிலைக் காப்பாற்றத்தான் என்றார்கள். சரி, ஆனால் அளவு குறைத்த மாடல்களும் சுங்க அட்டவணையில் அதே 9503 தலைப்பில்தான் கிடக்கின்றன. இருபத்தெட்டு மில்லிமீட்டர் உயரப் போர்வீரனை இங்கே எந்தத் தொழிற்சாலை செய்கிறது? யாரைக் காப்பாற்ற இந்த வரி? முறையாக இறக்குமதி செய்யும் கடைக்காரர் அந்த வரியைக் கட்டி, விலையில் சேர்த்து, வாடிக்கையாளரை இழக்கிறார். நகல் ஊற்றுபவர் எதையும் கட்டுவதில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறவில்லை.

ப்ரைமர் ஏன் மணலானது என்றும் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறையும் இதுதான் நடக்கும். ஸ்ப்ரே டப்பாவைத் தொடர்ந்து அடித்தால் கையில் ஜில்லென்று ஆவதைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே உள்ள திரவம் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்கிறது. அதே குளிர்ச்சி பெயின்ட் துளிகளிலும் உண்டு. ஐஸ் போட்ட டம்ளரின் வெளியே தண்ணீர் துளிர்ப்பது போல, காற்றில் உள்ள ஈரம் அந்தத் துளிகளில் படிந்து பூச்சைக் கெடுக்கிறது. சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் ஈரப்பதம் சாதாரணமாகவே 80 சதவீதத்தைத் தொடும். மழை விட்ட மாலை நேரம் அதைவிட மோசம். தள்ளி நின்று அடித்திருந்தால், துளிகள் பொம்மைக்கு வந்து சேர்வதற்குள் பாதி காய்ந்து தூளாகவும் விழுந்திருக்கும். கத்திரி வெயிலில் நடப்பது அதுதான். ஒரு சாண் தூரம், அதற்கு மேல் போகக் கூடாது.

ஆனால் உங்களுக்கு நான் ஸ்ப்ரேயே சொல்ல மாட்டேன். கடலோர ஊரில், பால்கனியில், மழைக்காலத்தில் அது சூதாட்டம். பிரஷால் பூசும் ப்ரைமர் வாங்குங்கள். வயேஹோ என்ற ஸ்பெயின் நிறுவனத்தின் சர்ஃபேஸ் ப்ரைமர் தண்ணீரில் கரைவது, வாடை இல்லாதது, வீட்டுக்குள்ளேயே பூசலாம். பெயரை வல்லேஜோ என்றும் சொல்வார்கள், கடையில் எப்படிக் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். 17 மில்லி பாட்டிலில் ஆரம்பியுங்கள். கைவினைக் கடை அக்ரிலிக்கை அதற்குப் பதிலாகப் பூசிப் பார்க்க வேண்டாம், நகம் பட்டால் உரிந்து வரும்.

பூசும் முன் பொம்மைகளைப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். அகலமான மென்மையான பிரஷில் கொஞ்சமாகத் தொட்டு, மெல்லிய பூச்சாக இரண்டு முறை. முதல் பூச்சில் திட்டுத் திட்டாகத் தெரியும். அதை மறைக்க மேலும் மேலும் ஏற்றாதீர்கள், காயும்போது தானாகவே இழுத்துப் பிடித்துச் சமமாகிவிடும். பள்ளங்களில் தேங்கினால் ஈரப் பிரஷால் ஒற்றி எடுங்கள். அதன் பிறகு ஒரு முழு நாள் தொடாமல் விடுங்கள். மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே இறுக இருபத்து நான்கு மணி நேரம் வேண்டும். முதலில் ஒரே ஒரு மரீனுக்கு மட்டும் இதையெல்லாம் செய்து பாருங்கள். மறுநாள் நகத்தால் சுரண்டி, உரியவில்லை என்றால் மற்றவற்றை எடுங்கள்.