டி-ஷர்ட்டில் லோகோ பதிக்க எந்த முறை? திருப்பூர் பிரிண்டிங் பட்டறையிலிருந்து பதில்கள்

கேள்வி: கல்லூரி விழாவுக்கு 150 பருத்தி டி-ஷர்ட்டுகள் வாங்குகிறோம். கருநீலத் துணி, வெள்ளையும் மஞ்சளுமாக லோகோ. எந்த முறை பொருந்தும்?

பதில்: ஸ்கிரீன் பிரிண்டிங்தான், அதாவது வலைச்சட்டத்தின் (ஸ்கிரீன்) வழியே மையைத் தள்ளி அச்சிடுவது. வண்ணத்துக்கு ஒரு ஸ்கிரீன் செய்ய வேண்டியிருந்தாலும், அந்தச் செலவு 150 உருப்படிகளுக்குப் பகிரப்படும்போது சிறிதாகிவிடும். கருநீலத்தின் மேல் மஞ்சளை நேரடியாக அடித்தால் மங்கும். ஆகவே அடியில் வெள்ளை பூசச் சொல்லுங்கள். பிளாஸ்டிசால் (சூட்டில் இறுகும் பிளாஸ்டிக் வகை) மை என்றால் படலம் முழுவதும் ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸை எட்டியாக வேண்டும். மேற்புறம் காய்ந்ததுபோல் இருந்தாலும் அடிப்பகுதிக்குச் சூடு ஏறவில்லை என்றால் சில சலவைகளிலேயே அச்சு விரிசல் விட்டு வெடித்துவிடும். ஒரு மாதிரியை வாங்கி இழுத்துப் பாருங்கள், துவைத்துப் பாருங்கள்; அதன் பிறகே மொத்தத்துக்கும் சம்மதம் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் கபடி அணியின் சிவப்பு பாலியஸ்டர் ஜெர்சியில் வெள்ளை எண்களை அடித்து வாங்கினோம். கைக்கு வந்தபோது வெள்ளையாக இருந்தவை ஒரு வாரத்தில் இளஞ்சிவப்பாகிவிட்டன. மை மட்டமானதா?

பதில்: மை நல்லதாகவே இருந்திருக்கலாம். பாலியஸ்டருக்கு ஏற்றும் டிஸ்பெர்ஸ் சாயம் சூடு பட்டால் ஆவியாகி இழையைவிட்டு வெளியேறும் தன்மையுடையது. மையைக் காயவைக்கும் சூட்டில் அந்தச் சிவப்பு கிளம்பி வெள்ளைக்குள் ஊடுருவுகிறது. பட்டறையில் பார்க்கும்போது தெரியாமல் பல நாள் கழித்தும் வெளிப்படும். இதைத் தடுக்க, குறைந்த சூட்டில் காயும் மையும் அதனடியில் சாயத்தை மறிக்கும் சாம்பல் நிறப் பூச்சும் வேண்டும். அடுத்த முறை சப்ளிமேஷன் கேளுங்கள்; அது சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கி இழைக்குள்ளேயே ஏற்றும் முறை. வெட்டிய வெள்ளை பாலியஸ்டர் துணியில் சிவப்பையே அச்சாக ஏற்றி, எண் வரும் இடத்தை வெறுமனே விட்டு, பிறகு தைப்பார்கள். வெள்ளை என்பது துணியின் வெள்ளையாகவே இருப்பதால் உரியவோ வெடிக்கவோ அங்கே மை இல்லை. பருத்தியில் இது நிற்காது.

கேள்வி: ஒரு டி-ஷர்ட்டுக்கு என்ன விலை ஆகும்?

பதில்: துணி, எண்ணிக்கை, வண்ணங்கள், அளவு ஆகியவற்றைச் சொல்லாமல் விலை சொல்ல முடியாது.

கேள்வி: அலுவலகக் காலர் டி-ஷர்ட்டுக்கு எம்பிராய்டரி செய்யலாமா? லோகோவின் கீழே 3 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு வரி இருக்கிறது.

பதில்: லோகோவுக்குச் செய்யலாம், அந்த வரியை விட்டுவிடுங்கள். 5 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் எழுத்தின் சுழிகள் நூலால் அடைபட்டுவிடும்; தமிழில் ‘இ’, ‘ணு’ போன்றவை முதலில் கெடும். 220 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) பிக்கே துணி, அதாவது காலர் டி-ஷர்ட்டுகளுக்கான புள்ளிப் பின்னல் துணி, தையலைத் தாங்கும். 160 ஜிஎஸ்எம் மெல்லிய பின்னலில் அடர்ந்த தையல் போட்டால், பின்புறம் பேக்கிங் (தாங்கு தாள்) வைத்தாலும் சுற்றிலும் சுருக்கம் விழக்கூடும். இங்கும் ஒரு மாதிரியைத் துவைத்துப் பாருங்கள்.

கேள்வி: டி.டி.எஃப் (டைரக்ட்-டு-பிலிம், பிலிமில் அடித்துத் துணியில் ஒட்டும் முறை) வந்த பிறகு ஸ்கிரீனைப் பரிந்துரைப்பது பழைய பழக்கம் அல்லவா? எந்தத் துணியிலும் ஒட்டுகிறது, எத்தனை வண்ணமும் வருகிறது, ஒரே ஒரு உருப்படியும் அடிக்கலாம்.

பதில்: பத்து இருபது உருப்படிகளுக்கும், புகைப்படம் போன்ற வடிவங்களுக்கும் நானே டி.டி.எஃப்-தான் சொல்கிறேன். ஆனால் அது பிலிமில் அடித்து, பசைப்பொடி தூவி, சூட்டில் அழுத்தி ஒட்டுகிற படலம் என்பதை மறக்கக் கூடாது. மார்பு முழுவதும் நிறைந்த கட்டமாக அதை ஒட்டினால் அந்த இடத்தில் வியர்வை வெளியேறாது. மே மாத வெயிலில் நாள் முழுவதும் அணிபவருக்கு அது பெரிய குறை. சிவப்பு பாலியஸ்டரில் நான் மேலே சொன்ன சாயக் கசிவு டி.டி.எஃப்-இலும் உண்டு.

அவரே மீண்டும்: வடிவத்தில் இடைவெளிகள் விட்டால் காற்று போகுமே?

பதில்: போகும், நல்ல வடிவமைப்பாளர் அப்படித்தான் செய்வார். ஆனால் வாடிக்கையாளர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் கறுப்புச் சதுரத்துக்குள் அடைத்த லோகோ. ஆயிரம் உருப்படிகள், ஒரே வண்ணம், வெளிர்நிறப் பருத்தி என்றால் நீரை அடிப்படையாகக் கொண்ட பிக்மெண்ட் (நிறமித்தூள்) மை இழையோடு இணைந்து மென்மையாகக் கிடக்கும். அந்த மென்மையை டி.டி.எஃப் இன்னும் தரவில்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

கேள்வி: 100 டி-ஷர்ட்டுகள், எது நல்ல முறை?

பதில்: என்ன துணி என்று சொல்லுங்கள். இதையே மூன்று பேர் துணியைச் சொல்லாமல் கேட்டிருக்கிறீர்கள். துணி தெரியாமல் முறையைச் சொன்னால் உங்கள் பணம்தான் வீணாகும்.

கேள்வி: மழைக்கோட்டில் அச்சிடலாமா?

பதில்: அது என் துறை அன்று. அதன் பூச்சு எவ்வளவு சூடு தாங்கும் என்று துணி விற்றவரிடம் கேளுங்கள்.

கேள்வி: கைக்குழந்தைகளின் கறுப்பு உடையில், தொட்டால் தெரியாத அளவுக்கு மென்மையாக அச்சிட டிஸ்சார்ஜ் முறையைச் சொல்கிறார்கள். சரியா?

பதில்: வேண்டாம். துணியின் சாயத்தை நீக்கி அந்த இடத்தில் வண்ணம் ஏற்றுவது டிஸ்சார்ஜ். மென்மையாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் அதில் வழக்கமாகச் சேர்க்கும் வேதிப்பொருளிலிருந்து ஃபார்மால்டிஹைடு வெளிப்படும். நன்றாக அலசாவிட்டால் துணியில் தங்கிவிடும். கறுப்பை விட்டு வெளிர்நிறத் துணியைத் தேர்ந்தெடுத்து, சான்றிதழ் உள்ள பிக்மெண்ட் மையால் சிறிதாக அடித்துக்கொள்ளுங்கள்.