பால் பெப்டைடு பிரஷர் மாத்திரைக்கு ஈடாகுமா?

"பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பால் புரதத்திலிருந்து எடுத்த பெப்டைடு பவுடரே போதும் என்கிறார் நண்பர். மாத்திரையை விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். என் அப்பா விட்டார்.

இரண்டு வாரம் பவுடர் மட்டும். ஒருநாள் காலையில் பின்மண்டை வலிக்கிறது என்றார். கையில் பட்டையைச் சுற்றி மெஷினை அழுத்தினேன்: 178/104. நம்ப முடியாமல் ஐந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பார்த்தேன். 174/102. அன்றே டாக்டரிடம் ஓடினோம்.

அதற்காக நண்பர் சொல்வது கட்டுக்கதை என்றும் சொல்ல மாட்டேன். பெப்டைடு என்பது புரதத்தின் சின்னத் துண்டு, சில அமினோ அமிலம் கோத்த சரம். நம் உடம்பில் ஏசிஇ என்றொரு நொதி இருக்கிறது. ஆஞ்சியோடென்சின் 1 என்பது பத்து அமினோ அமிலம் கோத்த சரம். அதன் நுனியில் இரண்டை இந்த நொதி கத்தரித்துவிட்டால் மிஞ்சுகிற எட்டுதான் ஆஞ்சியோடென்சின் 2. ரத்தக்குழாயை இறுக்கிப் பிரஷரை ஏற்றுவது அதுதான். சில பெப்டைடுகள் கத்தரியின் வாயில் போய் உட்கார்ந்துகொண்டு அதை வெட்ட விடுவதில்லை. 1995-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் புளித்த பாலிலிருந்து அப்படி இரண்டைப் பிரித்தெடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் மூன்றே அமினோ அமிலம், அதில் இரண்டு புரோலின். புரோலின் இருப்பதால் குடலில் அவ்வளவு எளிதில் உடையாது. ஆனால் லாக்டோபேசில்லஸ் ஹெல்வெடிகஸ் மாதிரி சில பாக்டீரியாக்கள்தான் இவற்றை நன்றாக உண்டாக்கும். எல்லாப் புளித்த பாலிலும் அதே அளவு கிடைக்காது. மீன் புரதத்திலிருந்தும் இதே வேலை செய்யும் பெப்டைடுகளை எடுத்திருக்கிறார்கள்.

ஏசிஇ நொதியைத் தடுக்கும் பிரஷர் மாத்திரைகளுக்கு மூலமும் பெப்டைடுதான் என்பது எனக்கு இன்றும் வியப்பு. பிரேசில் விரியன் பாம்பின் விஷத்திலிருந்த பெப்டைடுகளைத் தொடர்ந்து போய்த்தான் கேப்டோபிரில் என்ற அந்த வகை மாத்திரையைக் கண்டுபிடித்தார்கள். 1981-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

வேலை ஒன்றுதான், வீரியம் ஒன்றில்லை. சோதனைக்குழாயிலேயே கேப்டோபிரில் இந்தப் பால் பெப்டைடுகளைவிட நூறு மடங்குக்கும் மேல் வலிமையானது. மனிதர்களிடம் செய்த சோதனைகளில் சிலவற்றில் பிரஷர் சில புள்ளிகள் இறங்கியது, சிலவற்றில் இறங்கவே இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஆதாரம் போதாது என்று இந்தப் பால் பெப்டைடுகள் பிரஷருக்கு நல்லது என்ற உரிமைகோரலை ஏற்கவில்லை.

பவுடர் எடுக்க ஆசையிருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, மாத்திரையோடு சேர்த்து எடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் தொடவே வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் பிரஷர் பார்த்து எழுதிவையுங்கள்.

அப்பா இப்போது அப்படித்தான் செய்கிறார். இன்று காலை நோட்டில் எழுதியிருப்பது 132/84.