அச்சுக் கோப்பையே மின்னூலாக விற்கலாமா?

உங்கள் பதிப்பகத்தில் அச்சுக்குப் போன பிடிஎஃப் கோப்புகளையே மின்னூலாக விற்றதில், கைப்பேசியில் எழுத்து பொடியாகத் தெரிகிறதென்று வாசகர்கள் குறைப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். பிடிஎஃப் பக்கத்தின் அமைப்பு மாறாதது. திரை சிறுத்தால் எழுத்தும் சிறுத்துவிடும். இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவமோ, இணையப் பக்கங்களைப் போல எக்ஸ்எச்டிஎம்எல் மொழியில் எழுதிய பக்கங்களையும் அவற்றின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் பாணிகளையும் ஒன்றாகப் பொதிந்த ஜிப் கோப்புதான் என்பதால், வாசகர் எழுத்தைப் பெரிதாக்கும்போது வரிகள் திரைக்கேற்பத் தாமாகவே மடிந்துகொள்கின்றன. பிடிஎஃப்பிலிருந்து மாற்ற முயன்றால் பக்க எண்களும் வரி முறிவுகளும் பத்திகளுக்கு நடுவே வந்து விழும். அந்த வேதனை உங்களுக்கு வேண்டாம், வடிவமைப்பாளரிடம் உள்ள மூலக் கோப்பிலிருந்தே இபப் எடுக்கச் சொல்லுங்கள். அதை சிகில் (Sigil) என்ற இபப் திருத்தும் மென்பொருளில் திருத்தி, இபப்செக் (EPUBCheck) என்ற பிழை காணும் கருவியில் சோதித்த பிறகு வெளியிடுங்கள், இரண்டும் இலவசம். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, பழைய ஒப்பந்தங்களில் மின்னூல் உரிமை குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில், எழுத்தாளரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் ஒரு நூலைக்கூட விற்பனைக்கு வைக்காதீர்கள்.