நோயைக் கேலி செய்யும் கணவர்: தடுக்கலாமா, கூடச் சிரிக்கலாமா?

கேள்வி: போச்சம்பள்ளி பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. கணவருக்கு வயது 54. ஏழு மாதமாக வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். எந்நேரமும் தன் நோயை வைத்தே கேலி பேசுகிறார். போன வாரம் ஒரு பழத்தை மோந்து பார்த்துவிட்டு, "இதுவும் மாமியார் வீடும் ஒண்ணு, பார்த்துட்டு வந்துடணும்" என்றார். சொந்தக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். இதைத் தடுக்க வேண்டுமா? சிரித்தால் நோய் குறையும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: தடுக்காதீர்கள் அம்மா, கூடவே சிரியுங்கள். மாம்பழத்தில் பொட்டாசியம் உண்டு. சிறுநீரகம் வேலை செய்யாதபோது அது ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குலைத்துவிடும். அதனால்தான் அவருக்கு மாம்பழத்தில் கட்டுப்பாடு. சொந்தத் தோப்புப் பழத்தை மோந்து பார்த்துவிட்டுக் கீழே வைப்பது லேசான காரியமா? அந்த வருத்தத்தைத்தான் அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். நம் பக்கத்துப் பாரதக் கூத்தில் ராஜாவையே கிண்டல் செய்ய, கோமாளியாக வரும் கட்டியக்காரனுக்கு உரிமை உண்டு. தன் நோய் விஷயத்தில் அந்த உரிமை உங்கள் கணவருக்கு இருக்கிறது. ஆனால் முதல் கேலி அவருடையதாகவே இருக்கட்டும். மற்றவர்கள் ஆரம்பித்தால் அதுவே குத்தலாகிவிடும்.

சிரிப்பு வலியைத் தாங்க உதவும். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ராபின் டன்பார் குழு 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. நகைச்சுவைக் காட்சி பார்த்து வாய்விட்டுச் சிரித்தவர்கள், கையில் மாட்டிய குளிர் உறையின் வலியை முன்பைவிட அதிக நேரம் தாங்கினார்கள். சிரிக்கும்போது விலாத் தசைகள் விடாமல் உழைக்க, வலியைக் குறைக்கும் எண்டார்பின் என்ற ரசாயனம் உடலில் சுரப்பதே காரணம் என்பது அவர்கள் விளக்கம். தனியாக இருப்பதைவிட நாலு பேரோடு இருக்கும்போதுதான் நமக்குச் சிரிப்பும் அதிகம் வரும். ஆனால் சிரிப்பால் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) இறங்காது. ஒரு டயாலிசிஸைக்கூடத் தள்ளிப்போடக் கூடாது, தண்ணீர் அளவையும் மீறக் கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். "நான் போயிட்டா உங்களுக்குச் செலவு மிச்சம்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னாலும் நீங்கள் சிரிக்காதீர்கள். கைவேலையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "சாகணும்னு தோணுதாங்க?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. டயாலிசிஸ் செய்பவர்களிடம் மனச்சோர்வு சகஜம், அதற்குச் சிகிச்சையும் உண்டு. தூக்கம் கெடுவது, தோப்புப் பக்கமே போகாமல் இருப்பது, மாத்திரையை வேண்டுமென்றே விடுவது என்று எதைக் கண்டாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், டயாலிசிஸின்போது பக்கத்தில் உட்கார அனுமதித்தால் போச்சம்பள்ளிச் சந்தைக் கதைகளைச் சொல்லுங்கள். நான்கு மணி நேரம் சீக்கிரம் போகும். ஊசி குத்திய கை மட்டும் சிரிப்பில் அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.