எடை குறைந்த பிறகு மேல்கைத் தோல் தொங்குகிறது, அறுவை சிகிச்சைதான் வழியா?

17 கிலோ குறைத்துவிட்டேன், இன்னும் 6 கிலோ பாக்கி, தை மாதம் தங்கை கல்யாணம், மேல்கை தொங்குவதால் குட்டைக் கை ஜாக்கெட் போடக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் யாங்கோனில் 22 வருடமாகப் பெண்களுக்குத் துணி தைக்கிறேன். நம் ஆட்களுக்கு ஜாக்கெட், பர்மாக்காரப் பெண்களுக்கு எஞ்ஜி என்கிற மேல்சட்டை. தினமும் பத்துப் பேர் கையையாவது டேப் பிடித்து அளக்கிறேன். என் கையும் அப்படித் தொங்கிய கைதான். இந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துச் சொல்கிறேன்.

இங்கே காய்கறி, மீன் எல்லாம் வீசைக் கணக்கு, ஆள் எடை மட்டும் பவுண்டுக் கணக்கு. நான் 186 பவுண்டு இருந்தேன். 14 மாதத்தில் 140க்கு வந்தேன், அதாவது ஏறக்குறைய 21 கிலோ குறைந்தது. ஒரு வீசை 1.63 கிலோ. மீன்கடைத் தராசைப் பார்க்கும்போதெல்லாம், பன்னிரண்டே முக்கால் வீசையை உடம்பில் கட்டிக்கொண்டா இத்தனை நாள் மிஷின் மிதித்தோம் என்று நினைத்துக்கொள்வேன். மேல்கைச் சுற்று 15½ அங்குலத்திலிருந்து 12½க்கு வந்தது. அப்போது எனக்கு வயது 43.

அந்த வருடம் அனோரதா சாலைக் காளியம்மன் கோயிலில் தீபாராதனை காட்டும்போது இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டேன். பக்கத்தில் நின்ற அக்கா மகள் சட்டென்று என் முந்தானையை இழுத்து மேல்கையை மூடிவிட்டாள். அன்பால் செய்ததுதான். ஆனாலும் அதற்கப்புறம் பல மாதம் கோயிலில் என் கை மார்புக்கு மேலே எழும்பவே இல்லை. அதனால் உங்கள் கூச்சம் எனக்கு நன்றாகப் புரிகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இன்னும் எடை குறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இப்போது தொங்குவது எல்லாமே தோல் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டி, அடியில் தொங்குவதை மறு கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துப் பாருங்கள். பட்டுத் துணியை இரண்டாக மடித்துப் பிடித்தது போல மெல்லிசாக இருந்தால் அது தோல். பஞ்சு வைத்துத் தைத்த மெத்தை விளிம்பு போலத் தடிப்பாக இருந்தால் உள்ளே இன்னும் கொழுப்பு இருக்கிறது. எனக்கு 155 பவுண்டில் அது மெத்தை விளிம்பாகத்தான் இருந்தது. நான்தான் தோல் தோல் என்று அழுதுகொண்டிருந்தேன். மீதிக் கொழுப்பு இறங்கியதும் தொங்கலில் ஒரு பங்கு தானாகவே போய்விட்டது. கைக்கு மட்டும் பயிற்சி செய்து கையில் உள்ள கொழுப்பை மட்டும் கரைக்க முடியாது. முழு உடம்பிலும் குறையும்போதுதான் அங்கேயும் குறையும், அதுவும் பல பெண்களுக்குக் கடைசியாகத்தான்.

தோல் ஏன் சுருங்க மறுக்கிறது என்றால், அதன் உள்ளடுக்கில் கொலாஜன், எலாஸ்டின் என்ற நார்கள் இருக்கின்றன. பல வருடம் இழுபட்டே கிடந்ததில் அவை பழுதாகிவிடுகின்றன. பாவாடையில் பழைய எலாஸ்டிக் இளகிப்போவதைப் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அப்படி. வயது, எத்தனை வருடம் குண்டாக இருந்தோம், எவ்வளவு குறைத்தோம், வெயில், சிகரெட், பெற்றோரிடமிருந்து வந்த உடல்வாகு, எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் எலாஸ்டிக் போலத் தோல் செத்த பொருள் இல்லை. எடை ஒரே இடத்தில் நின்ற பிறகும் ஒன்று, ஒன்றரை வருடம் மெல்ல மெல்ல இறுகும். முழுவதும் இறுகும் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். எனக்கும் முழுவதும் இறுகவில்லை.

எனக்கு உண்மையில் வித்தியாசம் காட்டியது தசைதான். மேல்கையின் பருமனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பின்பக்கத் தசை, டிரைசெப்ஸ் என்பார்கள். தொங்குகிற இடமும் அதுவே. முதல் இரண்டு மாதம் நான் செய்த தப்பு, சோற்றை விட்டு வெறும் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தது. எடை வேகமாக இறங்கியது, கூடவே தசையும் கரைந்தது. கை காலிப் பையாகத் தெரிந்ததற்கு அதுவும் காரணம். வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ குறைந்தால் போதும்.

அப்புறம் சாப்பாட்டை மாற்றினேன். காலையில் டீக்கடைப் பால் டீயை விட்டேன், அதில் பாதி கட்டிப்பால்தான். அவித்த பட்டாணி, அதை இங்கே பெப்யோ என்பார்கள், ஒரு கிண்ணம், கூட இரண்டு முட்டை. மதியம் எண்ணெய் மிதக்காத மீன் குழம்பு. சாயங்காலம் கடலை மாவில் செய்கிற ஷான் தோஃபுவை வெங்காயம், எலுமிச்சை போட்டுப் பிசைந்து சாப்பிடுவேன். எடை குறைக்கும் காலத்தில் உடம்பு எடைக்குக் கிலோவுக்கு 1.2 கிராமிலிருந்து 1.6 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 65 கிலோ ஆளுக்குக் குறைந்தது 78 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது, அதனால் ஒரே உணவில் முடிகிற காரியமில்லை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள்.

ஜிம்முக்குப் போக எனக்கு நேரமும் இல்லை, கரண்டும் நிலையில்லை. கரண்டு போனால் மோட்டார் மிஷின் நின்றுவிடும், அந்த நேரத்தையே எடுத்துக்கொண்டேன். முதலில் சுவரில் கை ஊன்றித் தண்டால். பத்து எடுப்பதற்குள் தோள் நடுங்கியது. இரண்டு மாதம் கழித்து துணி வெட்டும் மேஜை விளிம்பில் கை ஊன்றி எடுத்தேன், சுவரை விட அது கஷ்டம். கூடவே ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்குப் பின்னால் இறக்கி மேலே நீட்டுவேன். முழங்கை வெளியே விரியாமல் காதோடு ஒட்டி இருக்க வேண்டும், அப்போதுதான் பின்தசை இழுபடுவது தெரியும். பன்னிரண்டு தடவை சுலபமாக வந்ததும் இரண்டு லிட்டர் பாட்டில். இந்தக் கனம் கூட்டுவதுதான் முக்கியம். அதே பாட்டிலை வருடம் முழுக்கத் தூக்கினால் தசை வளராது. வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு.

நாலு மாதம் எந்த மாற்றமும் தெரியவில்லை, மனசு விட்டுப்போகிற காலம் அது. எட்டாவது மாதம் அளந்தபோது எடை அதே 140, கைச்சுற்று 12½க்குப் பதில் 12¾. கால் அங்குலம் கூடியிருக்கிறது! வேறு சமயமாக இருந்தால் பதறியிருப்பேன். கண்ணாடி முன்னால் கையை நீட்டிப் பார்த்தேன். தொங்கல் பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. உள்ளே ஆள் வந்து உட்கார்ந்ததும் தொள தொள சட்டை நிறைகிற மாதிரி. அந்த வெள்ளிக்கிழமை காளியம்மனைக் கை தூக்கிக் கும்பிட்டேன்.

செலவழித்து ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு அழகு நிலையத்தில் தோலை இறுக்கும் கிரீம் தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றிவிட்டார்கள். ஆறு தடவை போனேன். வேர்வையில் கை கொஞ்சம் வற்றினது போலத் தெரியும், தண்ணீர் குடித்ததும் பழையபடி ஆகிவிடும். கடைசியில் அக்குளில் சிவந்து அரிப்பு வந்ததுதான் மிச்சம். எந்தக் கிரீமும் உள்ளடுக்கு நாரைத் தைத்துக் கொடுக்காது. மரப்பட்டையை அரைத்து எடுக்கிற தனக்கா பூசச் சொல்வார்கள் இங்கே. குளிர்ச்சியாக இருக்கும், நானும் பூசுகிறேன், ஆனால் அது தோலை இறுக்காது. தொங்கும் தோல் உரசுகிற இடத்தை ஈரமில்லாமல் துடைத்து வையுங்கள், மழைக்காலத்தில் இன்னும் கவனமாக. சிவப்பு, நாற்றம், எரிச்சல் வந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

அறுவை சிகிச்சையைப் பற்றி. நான் வேண்டாம் என்று முடிவு செய்தேன், ஆனால் செய்துகொண்டவரைக் குறை சொல்ல மாட்டேன். எழுபது பவுண்டுக்கு மேல் குறைத்த ஒரு வாடிக்கையாளர் பாங்காக் போய்ச் செய்துகொண்டு வந்தார். அவருக்குத் தோல் முழங்கை வரை திரைச்சீலை மாதிரி இருந்தது, எத்தனை தண்டால் எடுத்தாலும் தீராத அளவு. முன்பெல்லாம் அளவெடுக்கும்போது கையை விலாவோடு ஒட்டிக்கொள்வார், டேப் உள்ளே நுழையாது. திரும்பி வந்த பிறகு, “அமா, அளந்துக்கோ” என்று தானே கையை நீட்டினார். அமா என்றால் பர்மிய மொழியில் அக்கா. உள்பக்கம் அக்குளிலிருந்து முழங்கை வரை நீளத் தழும்பு இருந்தது. அதை மறைக்கக் கை நீளம் ஒரு அங்குலம் கூட்டச் சொன்னார், ஆனால் வருத்தப்படவில்லை. நம்மைப் போன்ற கறுத்த தோலில் தழும்பு தடித்துப்போகும் வாய்ப்பு கூடுதல். மரத்துப்போவது, வீக்கம், தொற்று ஆகியவையும் வரலாம். எப்படிப் பார்த்தாலும் எடை குறைந்து முடிந்து, ஆறு மாதமாவது ஒரே இடத்தில் நின்ற பிறகுதான் அதை யோசிக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் 6 கிலோ பாக்கி இருக்கிறது, இப்போது செய்துகொண்டால் மறுபடி தொங்கும்.

தைக்குள் தோல் இறுகிவிடாது, ஆனால் ஜாக்கெட்டை நன்றாகத் தைக்கலாம். இது என் தொழில், தைரியமாகச் சொல்கிறேன். கையின் விளிம்பு அதிகம் தொங்கும் இடத்தில் முடியக் கூடாது. கண் நேராக அங்கேதான் போகும். முழங்கைக்கு இரண்டு விரற்கடை மேலே முடியட்டும். இறுக்கினால் மறையும் என்று நினைத்து விளிம்பைப் பிடித்துத் தைக்கச் சொல்வார்கள், அதுதான் கெடுக்கும். விளிம்புக்கு மேலேயும் கீழேயும் சதை பிதுங்கி இரண்டு மேடாகத் தெரியும். இரண்டு விரல் தாராளமாக நுழைகிற அளவு லூஸ் வேண்டும். ஷிஃபான், ஜார்ஜெட் ஒட்டிக்கொள்ளும், வேண்டாம். கொஞ்சம் விறைப்பான பட்டு அல்லது கைத்தறி எடுத்து, உள்ளே மெல்லிய பருத்தி லைனிங் கொடுங்கள், வேர்வைக்கும் நல்லது. அக்குள் சுற்றை ரொம்ப இறக்கி வெட்டினால் கை தூக்கும்போது ஜாக்கெட்டே மேலே ஏறும், அதையும் தையற்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

அளவு கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் கொடுத்தால் போதும், அதற்குள் நீங்கள் இன்னும் இரண்டு மூன்று கிலோ குறைந்திருப்பீர்கள். கைத் தையலில் உள்ளே ஒரு அங்குலத் துணி விடச் சொல்லுங்கள், வெட்டிப் போட்டுவிட வேண்டாம். மாலை எடுத்துக் கொடுக்கும்போது கை மேலே போகும், ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்கும் அன்று கடையிலேயே இரண்டு கையையும் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.