வாசகர் கேள்வி-பதில்: 1870-க்கு முன்னால் பெயர் எங்கே?

(இந்த இதழில் ஆப்பிரிக்க-அமெரிக்கர்களின் வரலாறு, வாழ்க்கை குறித்து வந்த கேள்விகள்)

லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863-லேயே வந்துவிட்டது. பிறகு ஏன் 1865 ஜூன் 19-ஐ "ஜூன்டீன்த்" என்று கொண்டாடுகிறார்கள்?

அறிவிப்பு வந்த நாள் வேறு, அதை அமல்படுத்தப் படை வந்த நாள் வேறு. 1863 ஜனவரி 1-ஆம் தேதிப் பிரகடனம், உள்நாட்டுப் போரில் ஒன்றிய அரசை (லிங்கனின் அமெரிக்க அரசை) எதிர்த்துப் போரிட்ட தென்பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தியது. அங்கேயும் ஒன்றியப் படை எதுவரை முன்னேறியதோ அதுவரைதான் அது செல்லுபடியானது. டெக்சஸ் போர்முனைக்கு வெகு தொலைவில் இருந்ததால், மற்ற மாநிலங்களின் உரிமையாளர்கள் தங்கள் அடிமைகளை அங்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டார்கள். ஜெனரல் கோர்டன் கிரேஞ்சர் கால்வெஸ்டன் துறைமுகத்தில் பொது ஆணை எண் 3-ஐ வெளியிட்டபோது, அந்த மாநிலத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள்.

அந்த ஆணையை முழுதாகப் படித்தால் மனம் உறுத்தும். எல்லோருக்கும் விடுதலை என்று சொன்ன கையோடு, இருக்கும் இடத்திலேயே இருந்து கூலிக்கு வேலை செய்யுங்கள், ராணுவ முகாம்களில் வந்து கூடாதீர்கள், சோம்பி இருப்பவர்களை அரசு ஆதரிக்காது என்றும் அது சொல்கிறது. அடிமை முறை இருந்தும் ஒன்றியத்தை விட்டுப் பிரியாத கென்டக்கி, டெலவேர் மாநிலங்கள் இரண்டுக்கும் பிரகடனமே பொருந்தவில்லை. 1865 டிசம்பரில் 13-ஆவது சட்டத் திருத்தம் வந்த பிறகுதான் அங்கே அடிமை முறை ஒழிந்தது. ஹூஸ்டன் நகரக் கறுப்பின மக்கள் இந்த நாளைக் கொண்டாடுவதற்கென்றே 1872-ல் பணம் திரட்டி 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். அது இன்றும் விடுதலைப் பூங்காவாக இருக்கிறது. நாடு முழுவதற்குமான அரசு விடுமுறை 2021-ல் வந்தது.

உடன் வேலை செய்யும் ஆப்பிரிக்க-அமெரிக்க நண்பர், "எங்கள் வம்சாவளியைத் தேடினால் 1870-ல் சுவர் முட்டிவிடும்" என்றார். ஏன்? அதைத் தாண்ட வழியே இல்லையா?

வழி உண்டு. ஆனால் பொறுமை வேண்டும், வரிசை தப்பாமல் தேட வேண்டும்.

முதலில் அந்தச் சுவர் எப்படி வந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவில் 10 ஆண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை வைத்திருந்தார்கள். அதன் ஒரு பக்கத்தைப் பாருங்கள்: இடப்பக்கம் உரிமையாளரின் பெயர் முழுதாக இருக்கும். அதன் கீழே வரிசையாக வயது, ஆணா பெண்ணா, கறுப்பா கலப்பினமா என்ற குறிப்புகள். 34, பெண், கறுப்பு. 12, ஆண், கறுப்பு. 2, பெண், கலப்பினம். பெயர் மட்டும் கிடையாது. 1860-ல் இப்படி எண்ணப்பட்டவர்கள் ஏறக்குறைய 39.5 லட்சம் பேர். அவர்கள் எல்லோரும் பெயரோடு பதிவான முதல் கணக்கெடுப்பு 1870-தான். போருக்கு முன்பே சுதந்திரமாக இருந்த சுமார் 4.9 லட்சம் கறுப்பினத்தவர் பொதுப் பட்டியலில் பெயரோடு இருப்பார்கள். எனவே 1860 பொதுப் பட்டியலை ஒருமுறை பார்க்காமல் விடக் கூடாது.

தேடலை இன்றிலிருந்து பின்னோக்கித்தான் நடத்த வேண்டும். கணக்கெடுப்புத் தாள்களை 72 ஆண்டுகளுக்குப் பிறகே பொதுவில் திறப்பார்கள் என்பதால் இப்போதைக்கு 1950 வரை பார்க்கலாம். அங்கிருந்து 1940, 1930 என்று 1900 வரை இறங்குங்கள். 1890 தாள்களில் பெரும்பகுதி 1921-ல் நடந்த தீ விபத்தால் அழிந்தது. அதனால் 1900-லிருந்து 1880-க்கு ஒரே தாவலாகத் தாவ வேண்டியிருக்கும், பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். 1880-ல் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற பத்தி உண்டு, 1870-ல் அது இல்லை. ஒரே வீட்டில் ஓர் ஆணும் பெண்ணும் இருந்தால் கணவன் மனைவி என்று எழுதிவிடாதீர்கள். அண்ணன் தங்கையாகவும் இருக்கலாம். 1870-ல் ஆளைக் கண்டுபிடித்ததும் அந்தப் பக்கத்தையும் முன்பின் பக்கங்களையும் முழுதாகக் குறித்துக்கொள்ளுங்கள். விடுதலையான குடும்பங்கள் பெரும்பாலும் சொந்தபந்தங்களை ஒட்டியே குடியிருந்தன. வயது ஐந்து வருடம் முன்பின் போகும், பெயரின் எழுத்துகளும் மாறும். கணக்கெடுத்தவர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் அவை.

இனி சுவரைத் தாண்ட வேண்டும். அதற்குக் கடைசி உரிமையாளர் யார் என்று தெரிந்தாக வேண்டும். பக்கத்தில் அதே குடும்பப் பெயரோடு ஒரு வெள்ளைக்காரப் பண்ணையார் இருந்தால், அவர்தான் உரிமையாளர் என்று முடிவுகட்டுவது எல்லோரும் செய்யும் தவறு. பலர் பழைய உரிமையாளர் ஒருவரின் பெயரை வைத்திருந்தார்கள், பலர் தாமே ஒரு பெயரைத் தேர்ந்துகொண்டார்கள். நம்பத் தகுந்த ஆதாரங்கள் வேறு இருக்கின்றன. விடுதலையானவர்களுக்கு உதவ 1865 முதல் 1872 வரை இயங்கிய அரசு அமைப்பான ஃப்ரீட்மென்ஸ் பியூரோவின் கூலி ஒப்பந்தங்களும் திருமணப் பதிவுகளும் முதல் ஆதாரம். அவற்றின் பெயர் அட்டவணையை ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். 1874-ல் திவாலான ஃப்ரீட்மென்ஸ் சேமிப்பு வங்கியின் கணக்குப் பதிவுகள் இன்னொன்று. அவற்றில் பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் பெயர்களும், சிலவற்றில் பழைய உரிமையாளர் பெயருமே இருக்கும். ஒன்றியப் படையில் சுமார் 1,79,000 கறுப்பின வீரர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் குடும்பத்தில் இருந்தால் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஓய்வூதியக் கோப்பைக் கேளுங்கள். திருமணச் சான்றிதழ் இல்லாத விதவைகள், தங்கள் மணவாழ்க்கையை நிரூபிக்க அக்கம்பக்கத்தாரை அழைத்து வாக்குமூலம் கொடுக்க வேண்டியிருந்தது. எங்கே பிறந்தோம், யாரிடம் இருந்தோம் என்பதெல்லாம் அவர்கள் வாய்மொழியாகவே அதில் இருக்கும்.

உரிமையாளர் தெரிந்துவிட்டால், அவர் வாழ்ந்த கவுன்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) நீதிமன்றத்தில் உயில், சொத்து மதிப்பீட்டுப் பட்டியல், விற்பனை, அடமானப் பத்திரங்களைத் தேட வேண்டும். மாடு, கலப்பை, கட்டில் என்று போகும் அந்தப் பட்டியலில் மனிதர்களும் இருப்பார்கள், பக்கத்தில் விலையோடு. படிக்கவே கை கூசும். ஆனால் 1870-க்கு முன்னால் அவர்களின் பெயர் எழுதப்பட்ட ஒரே தாள் பல நேரங்களில் அதுவாகத்தான் இருக்கும்.

பழைய பத்திரிகைகளையும் விட்டுவிடாதீர்கள். விற்றுப் பிரிக்கப்பட்ட தாயை, தம்பியைத் தேடி மக்கள் விளம்பரம் கொடுத்தார்கள். நியூ ஆர்லியன்ஸில் வெளியான சவுத்வெஸ்டர்ன் கிறிஸ்டியன் அட்வகேட் 1877 முதல் இதற்கென்றே ஒரு பகுதி நடத்தியது, கட்டணம் 50 சென்ட். போதகர்கள் அந்தக் கடிதங்களைத் தேவாலயத்தில் சபையாருக்கு வாசித்துக் காட்டினார்கள். கடைசியாக எந்த ஊரில் பார்த்தது, யார் வாங்கிப் போனது என்ற விவரம் அந்தச் சில வரிகளுக்குள் இருக்கும்.

ஹாப்பின் ஜான் (காராமணியும் அரிசியும் சேர்த்துச் செய்யும் சோறு) செய்தேன். கஞ்சி போலக் குழைந்துவிட்டது. சரியான முறை என்ன? புத்தாண்டுக்கு ஏன் அதைச் செய்கிறார்கள்?

தண்ணீரை இரண்டு முறை அளக்காததுதான் காரணமாக இருக்கும். பயறு வேகும் தண்ணீர் ஒரு கணக்கு, அரிசி வேகும் தண்ணீர் இன்னொரு கணக்கு.

ஒரு கப் வெள்ளைக் காராமணியை இரவே ஊறவையுங்கள். புகையூட்டிய பன்றிக் கால்மூட்டு ஒன்றை 8 கப் தண்ணீரில் ஒன்றரை மணி நேரம் சிறுதீயில் வேகவிடுங்கள். பன்றி சாப்பிடாதவர்கள் புகையூட்டிய வான்கோழி இறக்கையைப் போடுகிறார்கள், அதுவும் அருமையாக இருக்கும். பிறகு காராமணி, நறுக்கிய வெங்காயம், செலரித் தண்டு, குடைமிளகாய், ஒரு பிரிஞ்சி இலை, கொஞ்சம் தைம், ஒரு காய்ந்த மிளகாய் சேர்த்து, பயறு வெந்தும் உடையாமல் இருக்கும் பதம்வரை சுமார் 40 நிமிடம். இப்போது வடிகட்டுங்கள். அந்தச் சாற்றில் 2 கப் மட்டும் அளந்து எடுத்து, கழுவிய நீள அரிசி ஒரு கப், வெந்த பயறு, எலும்பிலிருந்து பிய்த்த இறைச்சி சேர்த்துக் கொதி வந்ததும் மூடி, மிகச் சிறு தீயில் 18 நிமிடம். அணைத்து 10 நிமிடம் திறக்காதீர்கள். நடுவில் கிளறினால் அரிசி உடைந்து பசையாகும். இறைச்சியிலேயே உப்பு இருப்பதால், உப்பைக் கடைசியில் ருசி பார்த்துச் சேருங்கள்.

கூடவே கொலார்ட் கீரையும் சோள ரொட்டியும் வைப்பார்கள். பயறு நாணயம், கீரை பணத்தாள் என்று சொல்லி, வருடம் முழுக்கக் காசு புழங்க வேண்டும் என்று சாப்பிடுவது வழக்கம். காராமணி ஆப்பிரிக்கப் பயிர். தென் கரோலினாக் கடற்கரையின் நெல் வயல்களை உருவாக்கியதும், மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் பகுதிகளிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களின் உழைப்பும் விவசாய அறிவும்தான். ஜனவரி 1-க்கு இன்னொரு முகமும் உண்டு. அடிமைகளை ஓராண்டுக்கு வாடகைக்கு விடும் ஒப்பந்தங்கள் அன்றுதான் தொடங்கும். குடும்பங்கள் பிரிக்கப்படும் நாள் அது. 1863-ல் அதே தேதியில்தான் விடுதலைப் பிரகடனம் அமலுக்கு வந்தது.

மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நீடித்ததாமே. அத்தனை நாள் மக்கள் எப்படி வேலைக்குப் போனார்கள்?

பலர் நடந்தார்கள். மற்றவர்களுக்காக ஒரு போக்குவரத்து அமைப்பையே கட்டினார்கள். பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானது 1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை. அன்றிரவே, பெண்கள் அரசியல் மன்றத்தின் ஜோ ஆன் ராபின்சன் தான் பாடம் நடத்திய கல்லூரியின் நகலெடுக்கும் இயந்திரத்தில் விடிய விடியத் துண்டறிக்கை அச்சடித்தார். திங்கட்கிழமை புறக்கணிப்பு தொடங்கிவிட்டது. முதலில் கறுப்பின டாக்சி ஓட்டுநர்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்டுக்கே ஆட்களை ஏற்றினார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற விதியைக் காட்டி நகர நிர்வாகம் அதைத் தடுத்தது.

அடுத்து வந்தது சொந்தக் கார்களின் கூட்டு. 1953-ல் லூசியானாவின் பேட்டன் ரூஜில் இப்படி ஒரு புறக்கணிப்பை நடத்திய போதகர் டி.ஜே. ஜெமிசனிடம் யோசனை கேட்டார்கள். சுமார் 300 கார்கள் சேர்ந்தன. காலையில் குடியிருப்புப் பகுதிகளில் ஏற்றும் இடங்கள், மாலையில் வேலை செய்யும் பகுதிகளிலிருந்து திருப்பி அழைத்துவரும் இடங்கள் என்று தனித்தனியாகக் குறித்தார்கள். உரிமம் இல்லாமல் கட்டணம் வாங்கினால் சட்டச் சிக்கல் வரும் என்பதால் ஓட்டுநர் கையில் காசு கொடுப்பதில்லை, எல்லாம் இயக்கத்துக்கு நன்கொடையாகப் போனது. பின்னர் வாங்கிய ஸ்டேஷன் வேகன்கள் தேவாலயங்களின் பெயரில் இருந்தன. ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரர், பெண்களைச் சேர்த்துக்கொண்டு உணவும் கேக்கும் விற்று வாரா வாரம் பணம் கொண்டுவந்து கொடுத்தார். பெட்ரோலுக்கு உதவியது இந்த மாதிரிப் பணம். இந்தப் பெண்களின் பெயர்களைப் பள்ளிப் புத்தகங்கள் இன்னும் அதிகம் சொல்ல வேண்டும்.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. ஓட்டுநர்களுக்கு அபராதத்துக்கு மேல் அபராதம். 25 மைல் வேக எல்லையில் 30 மைலில் போனதாக மார்ட்டின் லூதர் கிங்கையே கைது செய்தார்கள். வாகனக் காப்பீடுகள் ரத்தாயின. அட்லாண்டாவின் கறுப்பினக் காப்பீட்டு முகவர் டி.எம். அலெக்சாண்டர் லண்டன் லாய்ட்ஸ் என்ற காப்பீட்டுச் சந்தை வழியாகப் புதிய காப்பீடு ஏற்பாடு செய்தார். 1956 நவம்பர் 13 அன்று, கார் கூட்டைத் தடை செய்யும் வழக்கு உள்ளூர் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தபோதே, பேருந்துப் பாகுபாடு செல்லாது என்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த செய்தி வந்தது. ஆணை கைக்கு வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. கார் கூட்டுக்கும் தடை விழுந்துவிட்டதால், அந்த இடைவெளியிலும் மக்கள் நடந்தார்கள்.

தோழி இரவில் சாட்டின் தொப்பி போட்டுத் தூங்குகிறாள். எதற்காக?

சுருண்ட முடியில் தலையின் எண்ணெய் நுனிவரை இறங்காது, அதனால் சீக்கிரம் உலரும். பருத்தித் தலையணை உறை மிச்ச ஈரத்தையும் உறிஞ்சும், உரசி முடியையும் ஒடிக்கும். வழுவழுப்பான சாட்டின் இரண்டையும் தடுக்கும். சிக்கெடுப்பதற்கும் முறை உண்டு: ஈர முடியில் கண்டிஷனர் தடவி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே வர வேண்டும். பின்னல்களை ஆறு முதல் எட்டு வாரம் வைத்துக்கொள்ளலாம். பின்னிய அன்று நெற்றியோரம் வலித்தாலோ சிறு கொப்புளம் எழுந்தாலோ இழுத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். உடனே தளர்த்தச் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொண்டே போனால் அந்த ஓரத்து முடி நிரந்தரமாகவே போய்விடலாம்.

இந்தப் பின்னல்களைக் காரணம் காட்டி வேலையும் பள்ளியும் மறுக்கப்படுவதைத் தடுக்கும் கிரவுன் சட்டத்தை கலிபோர்னியா 2019-ல் முதலில் இயற்றியது. பல மாநிலங்கள் அதைப் பின்பற்றியிருக்கின்றன. உங்கள் தோழிக்கு அலுவலகத்தில் இந்தத் தொல்லை இருந்தால், அவர் மாநிலத்தில் அந்தச் சட்டம் உண்டா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.